ஒரு கோடி மார்க்கின் வலது பாதி

மாண்ட்ரியலுக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். என்னிடம் ஒரு நோட்டின் இடது பாதி இருக்கிறது, அதன் வலது பாதி அங்கே ஒருவரிடம் இருக்கிறது, அதைக் கொண்டுவரப் போனேன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். சிவகாசியில் அச்சகம் நடத்துகிற பெண்பிள்ளைக்கு மை வாடை தலைக்கேறிவிட்டது என்று நினைப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போலந்து சுதந்திரம் பெற்றபோது கையில் சொந்த நாடு இருந்தது, சொந்தப் பணம் ஒழுங்காக இல்லை. மார்க் என்ற பழைய பெயரிலேயே நோட்டு அடித்தார்கள். விலைவாசி ஏற ஏற நோட்டில் சைபரும் ஏறியது. கடைசியில் ஒரு கோடி மார்க் நோட்டு வரைக்கும் போய்விட்டது. பிறகு ஸ்லாட்டி என்று புதுப் பணம் கொண்டுவந்தார்கள். ஆனால் சில்லறைக் காசு அச்சாகி வரவில்லை. அதற்காக ஊர் நின்றுபோகுமா? கோடி மார்க் நோட்டை எடுத்தார்கள், நடுவில் இரண்டாக வெட்டினார்கள், ஒவ்வொரு பாதியின் மேலும் "ஐந்து காசு" என்று புது எழுத்தை அச்சடித்து, இந்தா சில்லறை என்று மக்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சென்னையில் ஒரு நாணயச் சந்தையில் இந்தப் பாதி நோட்டை முதலில் பார்த்தேன். கிழிந்த நோட்டு என்று கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் காலண்டருக்குச் செய்வதும் இதேதான். முருகன் படத்தை முன்கூட்டியே அடித்து அடுக்கிவிடுவோம், பின்னால் ஜவுளிக்கடைக்காரர் வந்தால் அவர் பெயர், நகைக்கடைக்காரர் வந்தால் அவர் பெயர், கீழே மிஷினில் இன்னொரு ஓட்டு ஓட்டிக் கொடுப்போம். ஒரு தேசமே தன் முதல் சில்லறைக்கு எங்கள் ஊர் வேலையைச் செய்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. அன்றிலிருந்து போலந்தின் அந்தக் காலத்து நோட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன். தளபதி படம் போட்டது, அரசி படம் போட்டது, கழுகு போட்டது எல்லாம் இருக்கிறது. ஆனால் பாதி நோட்டுதான் என் செல்லப்பிள்ளை.

சேகரிப்பாளர்களின் இணையக் குழு ஒன்றில் அதன் படத்தைப் போட்டேன். மாண்ட்ரியலில் இருந்து யானுஷ் என்பவர் பதிலுக்கு ஒரு படம் போட்டார். வலது பாதி. அதே வரிசை எழுத்து, அதே எண். ஒரே நோட்டின் இரண்டு பாதி! ஒன்று சிவகாசியில், ஒன்று மாண்ட்ரியலில். நான் விலைக்குக் கேட்டேன். அவரும் விலைக்குக் கேட்டார். இரண்டு பேருமே மாட்டேன் என்றோம். கடைசியில், "வந்தால் காட்டுகிறேன்" என்று எழுதினார். வசந்தத்தில் போலந்துச் சங்கத்து மண்டபத்தில் ஒரு கண்காட்சி இருக்கிறதாம், அதில் இரண்டையும் சேர்த்து வைக்கலாமாம். நேரில் போனால் மனுஷனைக் கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பினேன்.

விமான நிலையத்தில் அதிகாரி, "பத்தாயிரம் டாலருக்கு மேல் பணம் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். கைப்பையில் கோடியில் பாதி இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. சிரித்துத் தொலைத்தேன். அதற்காகவே பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பெரிய பொட்டலமாக இருந்தது என் மகள் கட்டிக் கொடுத்த காராச்சேவு. அதை மட்டும் நன்றாக மோந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.

நான் தங்கியது கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில், பவானி வீட்டில். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதில் அகதியாக வந்து, இப்போது பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். பிரெஞ்சு சரளம். யானுஷுக்கோ போலிஷும் பிரெஞ்சும்தான் நன்றாக வரும். எனக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும். ஆகையால் பவானிதான் எனக்கு வாய்.

கதவைத் திறந்ததும் பவானி கேட்ட முதல் கேள்வி, "என்ன அக்கா, உந்தக் கடுதாசித் துண்டுக்கே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"துண்டில்லை பவானி, ஐந்து காசு."

"அஞ்சு சதத்துக்கு இஞ்ச ஒண்டும் வாங்கேலாது. இருங்கோ, சாப்பிடுவம்."

புட்டும் கணவாய் மீன் கறியும் வைத்தார். புட்டை நாங்கள் சர்க்கரை போட்டுப் பலகாரமாகச் சாப்பிடுகிற ஆட்கள். அதை ராத்திரிச் சாப்பாடாக, சிவக்கச் சிவக்க ஒரு கறியோடு சாப்பிட்டது அன்றுதான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். சன்னலுக்கு வெளியே சித்திரை மாதம் நடக்கிறது, ஆனால் கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் போன மாதத்துப் பனி அழுக்கு உப்புக் குவியலாகக் கிடந்தது. வீட்டுக்குள் சூடு போட்டிருந்தார்கள். காற்று அப்படி வறண்டு கிடந்தது. இந்தக் காற்றில் காகிதம் சுருண்டுவிடுமே என்று நோட்டை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தேன்.

மறுநாள் பவானி வேலை முடிந்து நேரே யானுஷ் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் தனியாக மெட்ரோவில் சென்ட் லோரன்ட் என்கிற அவர் பேட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். "ஒரு தரம் மாறோணும், பேந்து ஒரேஞ்ச் லைன், கடைசி ஸ்டேஷன், இறங்குங்கோ. சின்னப் பிள்ளையும் போகும்" என்று பவானி சொல்லியிருந்தார். ஆரஞ்சுக் கோட்டில் ஏறினேன், கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். எல்லாம் சொன்னபடிதான். ஆனால் அந்தக் கோடு ஊரை லாடம் மாதிரிச் சுற்றி வளைகிறது, அதற்கு இரண்டு கடைசி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வண்டி டயரில் ஓடுகிறது, சத்தமே இல்லை என்று ரசித்துக்கொண்டே வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவால் என்கிற வேறு ஊரிலேயே இறங்கிவிட்டேன்.

நடைமேடையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். என் புடவையைப் பார்த்துவிட்டு ஒரு சென்னைப் பெண், அங்கே படிக்கிறவள், பக்கத்தில் வந்து என் கையிலிருந்த விலாசத்தைப் பார்த்தாள். "ஆன்ட்டி, சென்ட் லோரன்ட் போணுமா? கம்ப்ளீட்டா ஆப்போசிட் சைடு வந்துட்டீங்க. டோன்ட் ஒர்ரி, நானும் இதைத்தான் ஃபர்ஸ்ட் வீக் பண்ணேன்." திரும்ப ஏற்றிவிட்டாள். போன ஸ்டேஷனையெல்லாம் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரே டிக்கெட்டில் ஊரைப் பூமிக்கடியிலேயே முழுக்கச் சுற்றியவள் நானாகத்தான் இருப்பேன்.

சென்ட் லோரன்ட் எனக்குப் பிடித்துவிட்டது. தொழிற்கூடங்கள், சரக்குக் கிட்டங்கிகள், லாரிகள். சாத்தூர் ரோட்டில் வெயிலை மட்டும் எடுத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். எங்கு பார்த்தாலும் தெருவைத் தோண்டி ஆரஞ்சு நிறத்தில் கூம்பு வைத்திருக்கிறார்கள். வாடகைக் குடியிருப்பின் வாசலில் பவானி முறைத்துக்கொண்டு நின்றார். யானுஷ் அதைவிட முறைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

உயரமான மனிதர், எழுபதைத் தாண்டியவர், சட்டைப் பையில் இரண்டு பென்சிலும் ஒரு சின்ன எஃகு ஸ்கேலும். விமானத்துக்கு உதிரிப் பாகம் செய்கிற ஆலையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். நான் தாமதமாக வந்ததற்கு ஒரு பெரிய சொற்பொழிவு ஆற்றினார். பவானி பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னது: "சாப்பாடு ஆறிப்போச்சாம்."

உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த மாவுப் பலகாரம் கொடுத்தார். அச்சு அசல் சோமாசி வடிவம், ருசி உப்புக் கொழுக்கட்டை. மேலே வெங்காயத்தை வதக்கிப் போட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றதும் முகம் தெளிந்தது. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்து, மறுபடி துடைத்து, அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி உறையை எடுத்து வந்தார். தொடவிடவில்லை. தூரத்தில் பிடித்துக் காட்டினார். வலது பாதி. சேர்த்து வைத்துப் பார்க்கலாமா என்றேன். இருட்டிவிட்டது, பகல் வெளிச்சத்தில்தான் அதெல்லாம், நாளைக்கு வாருங்கள் என்றார்.

சரி என்று பேச்சை ஆரம்பித்தேன். இரண்டும் ஓர் இடத்தில் இருப்பதுதான் முறை, எனக்குத் தந்துவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்று பேசினார். சன்னலைக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார், ஒரு கட்டத்தில் குரல் தழுதழுத்தது. வெகுநேரம் போயிற்று.

பவானி என் பக்கம் திரும்பி, "தரமாட்டாராம்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"இது தங்கட நாட்டின்ர காசாம். அவர் நாட்டை விட்டு வரேக்க ஒரு சதம் கொண்டுவர விடேல்லையாம். இஞ்ச வந்து ஒரு பழைய சாமான் கடையில கண்டு வாங்கினவராம். உங்கட பாதியும் ஒரு போலந்துக்காரன்ர கையிலதான் இருக்கோணுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. "நாடு அவர் நாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை வெட்டியது யார், மேலே அச்சடித்தது யார் என்று கேளுங்கள். பிரஸ்காரன். எங்கள் ஆள். அந்த வகையில் இது எங்கள் வீட்டுச் சொத்து."

பவானி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். யானுஷ் சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பவானி என் சேகரிப்பைக் காட்டச் சொன்னார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் பாதி நோட்டில்தான் நின்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"கையில ஒண்டும் இல்லாட்டியும் தங்கட காசு எண்டு அடிச்சிருக்கினம், என்ன? வெட்டியெண்டாலும் அடிச்சிருக்கினம்."

"ஆமாம் பவானி."

"நாடு எண்டா அப்பிடித்தான் இருக்கோணும்" என்றார். பிறகு தட்டுகளைக் கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் காலை. பவானிக்கு விடுமுறை. வழியில் டெபனர் என்கிற மூலைக்கடையில் காபி வாங்கினோம். கடைக்காரர் "பொன்ஜூர்" என்றார், நானும் கூச்சமில்லாமல் "பொன்ஜூர்" என்றேன். இன்றைக்கு ஆளைக் கரைத்துவிடுவேன் என்று உள்ளுக்குள் ஒரு தெம்பு.

யானுஷ் சன்னல் ஓரத்தில் மேசையைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஒரு கலியாண வீட்டு மணவறைதான். நான் இணையத்தில் போட்டிருந்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அதில் பென்சிலால் கோடு போட்டு அளவெல்லாம் குறித்திருந்தார். நான் என் பாதியை அட்டைச் சட்டத்திலிருந்து எடுத்து வைத்தேன். அவர் இடுக்கியால் தன் பாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

மேலே இரண்டும் முட்டின. கீழே முட்டவில்லை.

மேலிருந்து கீழே வரவர, ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி. கீழ் ஓரத்தில் ஒரு கொடி வேலைப்பாட்டின் நுனி காணாமல் போயிருந்தது. கீழே முட்டவைத்துப் பார்த்தார், நோட்டே கோணலாகிவிட்டது. ஸ்கேலை எடுத்து என் பாதியின் ஓரத்தை அளந்தார். அச்செடுத்த படத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பவானி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, கோவிக்காதையுங்கோ. படத்தில இருக்கிற நோட்டின்ர ஓரம் சரிவாம். நீங்கள் கொண்டுவந்தது நேராம். இது அந்த நோட்டில்லை எண்டு சொல்லுறார். நம்பரை மாத்தி அடிச்சுக் கொண்டுவந்திருக்கிறீங்களோ எண்டு கேக்கிறார். நீங்கள் பிரஸ் வைச்சிருக்கிறீங்கள்தானே."

காதில் தீ பட்டது மாதிரி இருந்தது. கள்ள நோட்டா? நானா? என் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கூடத் தேதி மாறி வந்ததில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகும் என்று உட்கார்ந்தே இருந்தேன். நோட்டைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவினேன்.

தடவியதும் தெரிந்துவிட்டது. இது நூறு வருஷத்து வெட்டு இல்லை. புது வெட்டு. நல்ல பதமான கத்தி, ஒரே அழுத்தம், பிசிறே இல்லை. இப்படி வெட்டுகிற கையை எனக்குத் தெரியும்.

எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் இருப்பவர் மாரியப்பன். அச்சாகி வருகிற எந்தத் தாளும் அவர் கைக்குப் போய், நாலு பக்கமும் சீராகித்தான் வெளியே போகும். கோணலான ஓரத்தைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. கண்காட்சிக்காக அட்டைச் சட்டம் செய்ய, அளவு பார்த்துக்கொள் என்று நோட்டை உறையோடு அவரிடம் கொடுத்திருந்தேன். சட்டத்தோடு திரும்பி வந்தபோது எவ்வளவு பாந்தமாகப் பொருந்தியிருக்கிறது என்று நானே அவரைப் பாராட்டியும் இருக்கிறேன்.

அங்கேயே, யானுஷ் கண் முன்னாலேயே, வீடியோவில் மாரியப்பனை அழைத்தேன். இங்கே காலை, அங்கே விளக்கு வைத்தாகிவிட்டது. பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, ரொம்பக் குளிருதா?"

"மாரியப்பா, அந்தப் பாதி நோட்டை வெட்டினியா?"

"ஐயோ, வெட்டலக்கா. லேசா ஸ்கொயர் பண்ணேன். ஒரு பக்கம் இழுத்துட்டு இருந்துச்சு. யாரோ கோணலா வெட்டியிருக்கான். அப்படியே வெளிநாட்டுக்குக் கொண்டு போனா, சிவகாசிக்காரன் வெட்டுனதுன்னுல்ல நெனப்பாங்க? நம்ம ஊரு மானம் என்னாகுறது?"

"எவ்வளவு எடுத்தே?"

"அடியில அரை நூலு. மேல சுத்தமா ஒண்ணும் எடுக்கல."

எங்கள் ஊர்க் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். யானுஷ் அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்திருந்தார்; பவானி அரை நூலை விளக்கியதும் தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, சரிதான் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

"எடுத்த சீவலை என்ன பண்ணினே?"

"வேஸ்ட்லதாங்க்கா போச்சு. எடைக்குப் போட்டாச்சு." பிறகு மாரியப்பன் திரையை நெருங்கி வந்து, மேசையில் இருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதான் அந்தப் பக்கத்துப் பாதியா? அதுவும் இழுத்துட்டுதான் இருக்கு. கையோட கொண்டாந்துருங்கக்கா. ரெண்டையும் ஒண்ணா வச்சு ஒரே வெட்டுல சரி பண்ணித் தர்றேன்."

பவானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யானுஷ் என்ன, என்ன என்று கேட்டார். பவானி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். கேட்டு முடித்ததும் யானுஷ் தன் பாதியைச் சட்டென்று எடுத்து, உறைக்குள் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

என்னைச் சந்தேகப்பட்டதற்கு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். பவானி சொன்னபடி: "உங்கட ஆள் நல்ல தொழில்காரனாம். தன்ர ஆலையில இருந்திருந்தா தான் முதலே வேலைக்கு எடுத்திருப்பாராம். ஆனா தன்ர பாதி கடல் தாண்டாதாம். ஒருநாளும் தாண்டாதாம்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மாரியப்பன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. நூறு வருஷம், ஒரு உலகப் போர், எத்தனை கை மாறி வந்த நோட்டு. யார் கையிலும் ஒன்றும் ஆகாமல், என் அச்சகத்தில் வந்து அரை நூல் போயிற்று. வலது பாதி இனி எனக்கு வராது, இடது பாதியும் பழைய மாதிரி இல்லை. ஊருக்குப் போனதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் "சிவகாசிக்காரன் வெட்டுனதுன்னுல்ல நெனப்பாங்க" என்ற இடத்தில் வந்து கோபம் நின்றுவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற, யாரென்றே தெரியாத ஜனங்கள் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று மிஷின் முன்னால் நின்று கவலைப்பட்ட மனிதனை என்னவென்று திட்டுவது? உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்காட்சி அன்று போலந்துச் சங்கத்து மண்டபத்தில் நல்ல கூட்டம். கசகசா அடைத்த ரொட்டியும் கறுப்புத் தேநீரும் கொடுத்தார்கள். வெள்ளையும் சிவப்புமாகத் தோரணம். எங்கள் பலகை நடுவில். யானுஷ் ஒரு யோசனை சொன்னார்: இடைவெளிக்குப் பின்னால் அதே நிறக் காகிதத்தை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் மாட்டேன் என்றேன். வெள்ளை அட்டையின் மேல், மேலே முட்டியும் கீழே விலகியும் உள்ளபடியே வைக்கச் சொன்னேன்.

பொறுப்பில் இருந்த அம்மாள் வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விவரச் சீட்டில் "சேதமடைந்தது" என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும், அது விதி என்றார்.

"சேதம் இல்லை" என்றேன், தமிழிலேயே. "அது வேலை. செய்தவர் பெயர் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள்."

பவானி அதை மொழிபெயர்க்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை. நான் சொன்னது இரண்டு வரி, அவர் பேசியது நெடுநேரம். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியாகக் கேட்டார்கள். அந்த அம்மாள் கடைசியில் பேனாவை என் கையில் கொடுத்தார்.

"என்ன பவானி சொன்னீர்கள்?"

"உங்கட ஊரைப் பற்றித்தான் சொன்னனான். கொஞ்சம் கூட்டியும் சொல்லிப்போட்டன். பரவாயில்லைத்தானே?"

சீட்டின் கீழே தமிழில் எழுதினேன்: வெட்டியவர், மாரியப்பன், சிவகாசி. பவானி பக்கத்தில் பிரெஞ்சில் எழுதினார். அன்று முழுக்க ஜனங்கள் குனிந்து குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்கள், சீட்டைப் படித்தார்கள், பலர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். மாரியப்பனின் பெயர் அவர்கள் வாயில் பட்ட பாட்டை அவர் கேட்டிருக்க வேண்டும். நான் பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் முதல் மதிப்பெண் வாங்கிய அன்று கூட இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

சாயங்காலம் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். யானுஷ் தன் உறையை எடுத்து வைத்துக்கொண்டு, என் பாதியை நான் எடுக்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். நான் கையை நீட்டினேன். இரண்டும் காலையிலிருந்து ஒன்றாக இருந்து பழகிவிட்டன என்று எனக்குத் தோன்றியது. கையை எடுத்துக்கொண்டேன்.

"என் பாதி இங்கேயே இருக்கட்டும்" என்றேன். "உங்கள் பாதி வராது என்றீர்கள், சரி. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் இரண்டும் சேர்ந்து இருக்கும். விட்டுக்கொடுப்பதில் சிவகாசி இளைத்தது இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. இதைப் பார்க்க யார் வந்தாலும் அந்தச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும்."

பவானி ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். யானுஷ் நெடுநேரம் என் பாதியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மாரியப்பன் பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஏதோ போலிஷில் எழுதினார். பவானி கேட்டு எனக்குச் சொன்னார்:

"'முதல் வெட்டு, வார்சா. வெட்டினவரின்ர பேர் தெரியாது' எண்டு எழுதியிருக்கிறார். இவ்வளவு காலமும் வைச்சிருந்தும் அந்த ஆளைப் பற்றித் தான் நினைச்சதே இல்லையாம்."

சீட்டைப் படம் எடுத்து மாரியப்பனுக்கு அனுப்பினேன். ஊரில் பொழுது விடிந்ததும் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, எம்பேருக்கு மேல என்னமோ எழுதியிருக்கே, அது யாரு?"

"முதலில் வெட்டியவர். அந்த நாட்டுக்காரர். பெயர் தெரியாது."

அந்தப் பக்கம் மிஷின் மேல் போட்ட உறையை அவர் இழுத்து மடிக்கும் சத்தம் கேட்டது.

"அவரு வெட்டு கோணல்னு மட்டும் எங்கயும் எழுதிராதீங்கக்கா" என்றார் மாரியப்பன். "புது நாடு, ஊரே சில்லறைக்கு நின்னுருக்கும். அன்னிக்கு எத்தனை கட்டு வெட்டினாரோ. கை ஓஞ்சு போயிருக்கும்."